ஒன்பதரை மணிப் புகை

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவர், காற்று திரும்பிவிட்டால் பொய் சொன்னவர் ஆவாரா? வேதமாணிக்கத்தைக் கடைசிவரை குடைந்தது இந்தக் கேள்விதான்.

சங்குமுகத்து விமானத் திடலில் அவருக்குப் புகை போடும் வேலை. இரைச்சல் கேட்டதும் ஈரத் தேங்காய்மட்டையைத் தீயில் போட வேண்டும். புகை சாயும் திசையைப் பார்த்து, காற்றுக்கு எதிர்முகமாக விமானி இறக்குவார். மனைவி இறந்தபின் திடலோரக் குடிசையில் தனியாகவே இருந்தார். பேச ஆளில்லை. வருகிறவர்கள் எல்லாரும் வானத்திலிருந்து வந்து, பெட்ரோல் நிரப்பிக்கொண்டு வானத்துக்கே போகிறவர்கள்.

1944-இல் ஒரு ஞாயிறு. பட்டாள விமானம் ஒன்று வரவேண்டியிருந்தது. பத்து மணி ஆராதனையைத் தவறவிட மனமில்லாமல், ஒன்பதரைக்கே மட்டையை அள்ளிப் போட்டுவிட்டு வேதக்கோயிலுக்கு நடந்தார். கரைக்காற்றில் புகை கடலைப் பார்த்துச் சாய்ந்தது. சற்று நேரத்தில் மேலே கடற்காற்று கிளம்பிவிட்டது. தீ அவிந்து, தரையோடு பழைய புகை மட்டும் கடல் பக்கம் சாய்ந்தபடியே கிடந்தது. அதை நம்பிக் கடல் பக்கமிருந்து இறங்கிய விமானத்தைக் காற்று பின்னாலிருந்து தள்ளியது. சக்கரம் தரையில் படவில்லை. மேலெழப் பார்த்து, தென்னந்தோப்பில் விழுந்து எரிந்தது. நான்கு பேர்.

விசாரணை மூன்று மாதம் நடந்தது. தன்னைக் கூப்பிடுவார்கள் என்று தினமும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் அவரே திடல் குமாஸ்தா ஸ்ரீகண்டனிடம் போனார்.

"சாரே, அண்ணைக்கு நான் தீ போட்டது ஒம்பதரைக்கு."

"அதை உம்மகிட்ட யார் கேட்டா? எஞ்சின் கேடுன்னு ரிப்போர்ட் வந்தாச்சு. உம்மபேர்ல ஒரு குத்தமும் இல்லேன்னு இதோ தாளும் வந்தாச்சு."

"இல்ல சாரே, பிளேன் வரதுக்கு முன்னயே..."

"நீர் என்ன, வாயுபகவானுக்கு மருமகனா? காத்து உம்மைக் கேட்டுண்டா திரும்பறது? தாளை வாங்கிண்டு போம் ஓய்!"

தாளை வாங்கிக்கொண்டார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

சந்தேகம் இருந்த மூன்று மாதமும் ஒருநாள்கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை. குற்றமில்லை என்று தாள் கிடைத்த மறுநாள் வேலையை விட்டார். விதுராவுக்கு மேலே மலையில் இருக்கும் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குக் காவலாளாகக் கிளம்பினார்.

"பைத்தியமா ஓய் உமக்கு? இப்போ எதுக்குப் போறீர்?" என்று ஸ்ரீகண்டன் வாசல்வரை வந்து கேட்டார்.

"விதுரா பஸ் எத்தன மணிக்கு சாரே?" என்றார் வேதமாணிக்கம்.