பித்தளை வலை சொன்ன சேதி

சென்ற ஞாயிறு விசாலம் துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனாள். எங்கள் வீடு முதல் மாடியில். அங்கிருந்து மேலே நாற்பத்தெட்டுப் படிகள். ஈரத்துணி வாளியோடு ஏறினாள். ஒரு படியில்கூட நிற்கவில்லை. இறங்கி வந்து, "என்ன அப்படிப் பாக்கறேள்?" என்று கேட்டாள்.

பார்க்காமல் என்ன செய்ய? ஆறு மாதத்துக்கு முன்னால் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் என் மனைவி இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆஸ்த்மா.

அவளை நாற்பத்தெட்டுப் படி ஏற வைத்தவர் தாராவியில் கார் ரிப்பேர் செய்கிற காசிம் பாய். சிரிக்காதீர்கள்... முழுதும் கேளுங்கள்.

என் காரைப் பற்றி வழக்கமான வாசகர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுப்போன வண்டி. பம்பாய் மாதுங்காவிலிருந்து கோட்டைப் பகுதியில் இருக்கும் ஆபீசுக்குப் போய்வர அது போதும். ஆனால் டாக்டர் இரண்டு கட்டளை போட்டார். ஒன்று — விசாலம் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். இரண்டு — மாதம் இரண்டு நாளாவது கண்டாலா மலைக்காற்று வேண்டும்.

முதல் கட்டளை சுலபம். மாதுங்காவில் தலையணை கிடைக்காதா? கிடைக்கும். ஆனால் எங்கள் வீட்டில் கடைத் தலையணையில் யாரும் தலை வைக்க மாட்டோம். வருஷா வருஷம் வருவதுபோல் ஊரிலிருந்து இரண்டு மூட்டை இலவம் பஞ்சு லாரியில் வந்து இறங்கியது. நாலு தலையணை தைத்தது போக மிச்சத்தை, பழைய மூட்டைகளோடு, கீழே கார் நிற்கும் தகர ஷெட்டில் போட்டு வைத்தேன்.

இரண்டாவதுதான் வம்பு. ரயில் கூட்டத்தில் அவளால் மூச்சுவிட முடியாது. காரில்தான் போக வேண்டும். காரோ மலைப்பாதையில் பாதி ஏறியதும் கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு நின்றுவிடும்.

ஆபீசில் அடுத்த நாற்காலிக்காரர் ஒரு யோசனை சொன்னார். "இஞ்சினுக்கும் மூக்கு இருக்கு சார். அது நன்னா மூச்சு இழுத்தா வண்டி பறக்கும்." அவருக்குத் தெரிந்த கடையில் வெளிநாட்டு ஏர் ஃபில்டர் வந்திருந்தது. ரேஸ் கார்களில் மாட்டுவதாம். என் வண்டியில் இருந்தது எண்ணெயில் ஊறிய கம்பிச் சுருள் அடைத்த கறுப்புத் தகர டப்பா. இதுவோ பளபளவென்று மெல்லிய பித்தளை வலை. எண்ணெயே வேண்டாம். வாங்கி மாட்டினேன்.

உறுமல் பிரமாதம். அந்த மாதம் கார் நிற்காமல் மலை ஏறிவிட்டது. ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்து, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். விசாலத்துக்கும் கண்டாலாவில் இறங்கிய அன்றே இழுப்பு நின்றது. வீடு திரும்பிய மூன்றாம் நாள் மறுபடி ஆரம்பித்தது. மலைக்காற்றின் மகிமையே மகிமை என்று டாக்டரும் நானும் பேசிக்கொண்டோம்.

அடுத்த மாதம் அதே வளைவில் கார் நின்றது.

பின்னால் லாரிகள் வரிசை கட்டின. அத்தனை புகையும் எங்கள் ஜன்னலுக்குள். விசாலத்தின் உதடு நீலம் பாரித்துவிட்டது. பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அரை மணி கழித்துக் கொஞ்சம் மூச்சு வந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "ஏன்னா, இனிமே என்னை எங்கயும் கூட்டிண்டு போக வேண்டாம். ஆத்துலயே கிடந்துடறேன்."

கிடந்துடறேன் என்று அவள் சொன்ன விதம் என்னை உலுக்கிவிட்டது. பயந்துபோனேன்.

மறுநாள் காசிம் பாயிடம் போனேன். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். தோல் பதனிடும் கொட்டகைகளைத் தாண்டி ஒரு சந்தில் அவருடைய ஒர்க்‌ஷாப். ஃபில்டர் விற்ற கடைக்காரனை நான் பொரிந்து தள்ளினேன். வீட்டு விஷயம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை... நினைவில் வையுங்கள்.

அவர் பித்தளை வலையைக் கழற்றிப் பழைய பேப்பரின் மேல் தட்டினார். வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. ஒரு சிட்டிகை எடுத்து ஊதினார். அது கீழே விழாமல் எங்கள் இரண்டு பேர் மூக்குக்கும் நடுவில் மிதந்துகொண்டே இருந்தது.

"பஞ்சு சார்."

"லால்பாக் மில் வழியாகத்தானே தினமும் போகிறேன், பாய்?"

"மில்லுப் பஞ்சு நூலு நூலாக் கெடக்கும். இது பட்டு மாரி மின்னுது, பாத்தியளா? இலவம் பஞ்சுல்லா. பம்பாய்ல வண்டிக்குள்ள இது எப்படி வந்துச்சு?"

ஷெட்டில் இருக்கும் மூட்டைகளைச் சொன்னேன். காலையில் ஷெட்டுக்குள்ளேயே பத்து நிமிஷம் இஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றும் வழக்கத்தையும் சொன்னேன்.

"ஷெட்டுக்கு மேல என்ன இருக்கு?"

"எங்கள் படுக்கையறை ஜன்னல்."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "எங்க வாப்பாவுக்கு மெத்தைக் கடை சார். வருசம் பூரா இருமிக்கிட்டே கெடப்பாவ. உங்க வீட்ல யாருக்கும் மூச்சு முட்டுதா?"

"என் மனைவிக்கு ஆஸ்த்மா" என்றேன்.

"மொதல்ல மூட்டையத் தூக்கி வெளிய போடுங்க. தலவாணியையும்தான்."

"பழைய ஃபில்டரைப் பல தடவை கழுவியிருக்கிறீர்களே, அப்போது தெரியவில்லையா?"

"அதுல எண்ணெல்லா இருக்கு. எல்லாம் ஒட்டிக் கறுப்புக் கச்ராக் குப்பையா ஆயிரும். பஞ்சு எது, மண்ணு எதுன்னு எவனுக்குத் தெரியும்?"

வீட்டுக்கு வந்து பார்த்தேன். எல்லா மூட்டையையும் பெருச்சாளி கடித்துப் போட்டிருந்தது. தகரக் கூரையின் உள்பக்கம் வெள்ளைப் பூச்சு. காலையில் நான் இஞ்சினை முடுக்கியதும் விசிறி அதைக் கிளப்பியிருக்கிறது. பாதி காரின் மூக்கில். பாதி என் மனைவியின் மூக்கில். ஒரே பஞ்சு. காருக்கு வைத்தியம் பார்க்க அலைந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

"ஊர்ப் பஞ்சைப் போய் ஒரு மெக்கானிக் குத்தம் சொல்றாரா?" என்று விசாலத்துக்குக் கோபம். இருந்தாலும் தலையணைகளைக் கொடுத்துவிட்டாள். மூன்று புடவைகளை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தாள். இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி முழுதும் இருமாமல் தூங்கினாள். நான்தான் தூங்கவில்லை, அந்த நிசப்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி, "இதை நான் கேட்டிருக்க வேண்டும்" என்றார். பெரிய மனசு.

சரி, ஃபில்டர் விவகாரம்? காசிம் பாய் அதையும் தீர்த்து வைத்தார். பழையதைச் சுத்தமாகக் கழுவி மாட்டி, சயான் மேட்டில் ஏற்றிக் காட்டினார். அடுத்து புதியதைக் கழுவி மாட்டி அதே மேட்டில் ஏற்றினார். என் கைக்கடிகாரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். புதியதில் சத்தம் மட்டும் அதிகம்.

"சுத்தமா இருந்தா பழசே போதும் சார். இந்தக் கிழட்டு வண்டிக்கு அதுக்கு மேல மூச்சு எதுக்கு?" என்றார்.

இப்போது பழைய கறுப்பு டப்பாதான் காரில் இருக்கிறது. போன மாதம் அதோடுதான் கண்டாலா போனோம், சும்மா ஊர் பார்க்க. நடுவில் எங்கும் நிற்கவில்லை.

பித்தளை வலையை என்ன செய்தேன் என்று ஆபீசில் கேட்கிறார்கள். துடைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன் — விசாலத்தின் மருந்துப் புட்டிகள் இருந்த அலமாரியில்.