அதுக்கென்ன, வச்சுட்டுப் போங்க

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது தயங்கித் தயங்கி ஓர் உதவி கேட்டால், அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் "அதுக்கென்ன" என்று சொல்லிவிடுவோம். நாக்கு முந்திக்கொள்ளும். மனசு பின்னாலேயே மூச்சு வாங்க ஓடிவந்து, "ஏட்டி, என்ன சொல்லிட்டே?" என்று கேட்கும்போது காரியம் முடிந்திருக்கும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். என் மடியில் ஏறியது ஒரு பூச்செடி.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு சந்தில் குடியிருந்தோம். பெரிய ரோட்டில் பஸ்காரன் ஹாரன் அடித்தால் எங்கள் அடுக்களையில் தம்ளர் அதிரும். சுவருக்கு அந்தப்பக்கத்து வீட்டுக்கு, நீலகிரியிலிருந்து மாற்றலாகி ஒரு பேங்க் அதிகாரி குடும்பத்தோடு வந்தார். கட்டில், பீரோவோடு ஒரு மண்தொட்டியும் லாரியிலிருந்து இறங்கியது. அதில் ஹைட்ரேஞ்சியா. விரித்த கை அகலத்துக்கு இலை. சின்னச் சின்னப் பூக்கள் நெருக்கியடித்துப் பந்தாகத் திரண்டு, மைக்கூட்டைக் கவிழ்த்தது போல நீலமாக இருந்தது. சந்தே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதிகாரி வீட்டு அம்மாளின் தாயார் மலையில் தன் வீட்டு வாசலில் நின்ற செடியிலிருந்து ஒரு கம்பு ஒடித்து ஊன்றிக் கொடுத்ததாம்.

இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அவருக்கு வடக்கே மாற்றல் வந்துவிட்டது. லாரி ஏற்றுகிற அன்று அந்த அம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அங்க வீடு அமைஞ்சதும் வந்து எடுத்துக்கறேங்க அக்கா. அதுவரைக்கும் இதை மட்டும்..."

"அதுக்கென்ன, வச்சுட்டுப் போங்க" என்றேன்.

அன்றைக்குப் பிடித்தது சனி. குளிர்ந்த மலையில் பிறந்த செடிக்கு எங்கள் ஊர் வெயில் எந்த ஜென்மத்துப் பகையோ! காலை வெயில் கொஞ்சம் வேண்டும். பத்து மணி வெயில் ஆகாது. மத்தியானம் நனைத்த துணியைக் கொடியில் போட்டது போல இலையெல்லாம் தொங்கிவிடும். செத்துப்போச்சு என்று நெஞ்சு பதறி ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால், அடுப்பில் சோறு வேகும் நேரத்துக்குள் ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்துகொள்ளும். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்து இலை மஞ்சளாகும். அதனால் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரை அதற்கென்று ஒரு குடம் தனியாகப் பிடித்து வைத்தேன். தண்ணீர் கூடினால் வேர் அழுகும், குறைந்தால் தலை சாயும். வெயிலுக்கு மறைப்பாக ஈரச் சாக்கைக் கட்டினேன். வேருக்குக் குளிர்ச்சியாகத் தேங்காய் நார்த் தும்பைப் பரப்பினேன். தேயிலைச் சக்கையைப் போட்டால் நீலம் போகாது என்று யாரோ சொன்னார்கள்; அதையும் போட்டேன். ஆனாலும் அடுத்த பூ வெளிறிய ரோஸ் நிறத்தில்தான் வந்தது. எங்கள் மண்ணும் தண்ணீரும் அதற்கு வேறு நிறம் சொல்லிக்கொடுத்துவிட்டன.

அரிசிக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்த என் வீட்டுக்காரர் அதற்கு முட்டைக்கோசு என்று பேர் வைத்தார். "உன் முட்டைக்கோசு சாப்பிட்டாச்சா? இல்ல, அது சாப்பிட்ட பொறவுதான் எனக்கா?" என்பார். யார் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் மத்தியானத்துக்குள் நான் திரும்பிவிட வேண்டும். புலி வாலைப் பிடித்தவன் கதைதான். பிடித்திருப்பதும் கஷ்டம், விடுவது அதைவிடக் கஷ்டம்.

இதெல்லாம் போகட்டும். எனக்கு உண்மையில் வலித்தது சித்திரை மாசம்தான்.

சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் பனங்காட்டு ஓரமாக என் அம்மா தனியாக இருந்தாள். துணைக்கு ஒரு வெள்ளாடு. சித்திரையில் பதநீர் இறங்கும்போது நான் போய் ஒரு மாசம் இருந்துவிட்டு வருவது வழக்கம். எத்தனை கூப்பிட்டாலும் அவள் திருநெல்வேலிக்கு வர மாட்டாள். ஆட்டை யார் பார்ப்பது என்பாள். "நீ ஆட்டைக் கட்டிப் போட்டிருக்கியா, ஆடு உன்னையக் கட்டிப் போட்டிருக்கா?" என்று நான் அவளைக் கிண்டல் செய்திருக்கிறேன். அப்போது என் வீட்டில் செடி இல்லை.

அவளுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. திருநெல்வேலிக்குக் கூட்டிவந்து ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். ஆள் அனுப்பிச் சொன்னால் அவள் அசைய மாட்டாள். நேரில் போய்க் கூடவே இருந்து, நயந்து பேசி, ஆட்டை ஒரு வழி செய்துதான் கிளப்ப வேண்டும். அதற்கு எனக்கு அந்த ஒரு மாசம் வேண்டும்.

முதல் சித்திரையில் எதிர்வீட்டு மதினியிடம் செடியை ஒப்படைத்துவிட்டுப் போனேன். தங்கமான மனுஷி. செடி வாடுவதைப் பார்த்து மனசு கேட்காமல், உச்சி வெயிலில் மொட்டைமாடித் தொட்டிக் குழாயைத் திருப்பி ரப்பர் குழாயால் பீய்ச்சி அடித்திருக்கிறாள். அந்த நேரத்துத் தொட்டித் தண்ணீரில் தேயிலை போட்டால் சாயா இறங்கும். செடி அவிந்துவிட்டது. தகவல் வந்து நான் பாதியில் ஓடிவந்தபோது மதினி என்னைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தாள். நல்லவேளை, அடிக்கட்டையில் உயிர் இருந்தது. வெந்ததை வெட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஓட்டை போட்டு மாற்றி வைத்தேன். பைய துளிர்த்தது.

அதற்குப் பிறகு யாரை நம்பி விட? மறு சித்திரை போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. தெருமுனைப் பலசரக்குக் கடைக்கு அந்த அம்மாளின் டெலிபோன் வரும். அண்ணாச்சி ஆள் அனுப்புவார். மாவுக் கையோடு ஓடுவேன். "எப்படி இருக்குங்க அக்கா?" என்பாள். செடியைத்தான் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு டெலிபோன் கிடையாது. அவள் வருகிறவர் கையில் கருப்பட்டி கொடுத்தனுப்புவாள். கூடவே வாய்ச்சொல்லும் வரும். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது பழமொழி. "ஊரான் செடிக்குத் தண்ணி ஊத்துனா பெத்தவ கண்ணு தானாத் தெரியுமான்னு அவட்ட கேளு" என்று சொல்லிவிட்டிருந்தாள்.

ஒரு பங்குனிக் கடைசியில் டெலிபோனில் அந்த அம்மாள், தான் ஊருக்கு வருவதாகவும் செடியைப் பார்க்க வருவதாகவும் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பையில் துணியை அடுக்கி வைத்துவிட்டேன். அந்தக் கையில் செடியைக் கொடுத்துவிட்டு இந்தக் கையில் பையைத் தூக்க வேண்டியதுதான்.

வந்தாள். வாளிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வருஷம் ஒரே ஒரு பூங்கொத்துதான், ரோஸாக, ஓரம் கருகி. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அழுதாள். மலையில் அவள் தாயார் இறந்துபோய்விட்டார்களாம். வீட்டை விற்று, வாங்கினவர்கள் செடி கொடியெல்லாம் வெட்டிக் கட்டடம் எழுப்பிவிட்டார்களாம். வடக்கே அவளுக்கு மூன்றாவது மாடியில் வீடு, ஒரு சாண் மண் இல்லை.

"எங்கம்மா கைப்பட்டதுன்னு இது ஒண்ணுதாங்க அக்கா மிச்சம். நீங்களே வச்சுக்குங்க. நான் வருஷத்துக்கு ஒருக்கா வந்து பாத்துக்கறேன்."

தாயில்லாதவள் ஒருத்தி என் முன்னால் அழுகிறாள். தாயைப் பார்க்க அடுக்கிய என் பை அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அதுக்கென்ன" என்று கேட்டது, என் குரலிலேயே.

மறுநாள் காலையில் வீட்டுக்காரரே ஒரு சாக்கை நனைத்து வாளியைச் சுற்றிக் கட்டினார். "தூக்கிட்டுப் போ. உங்கம்மா கேட்டா, எனக்குப் பதிலா வந்த மருமகன்னு சொல்லு" என்றார்.

பஸ்ஸில் வாளியை மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் குனிந்து பார்த்து, "யக்கா, பிள்ளைக்கு அரை டிக்கெட்டு போடவா?" என்றான். பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். சேலை முழுக்க ஈரம்.

அம்மா என் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டாள். மூன்று வருஷத்தில் புரை முற்றியிருந்தது. இலையைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஆடு வந்து மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஆடு தின்னாததையும் ஒருத்தி வளக்காளே" என்றாள்.

செடிக்கு அந்தக் காற்று ஆகவில்லை. கிணற்றுத் தண்ணீரில் உப்பு. இலை ஓரம் நாளுக்கு நாள் காய்ந்துகொண்டே வந்தது. ஒரு மாசம் என்று வந்தவளுக்கு ஒரு வாரத்தைத் தாண்ட முடியவில்லை. இருந்த நாளெல்லாம் அம்மாவிடம் பேசிப் பார்த்தேன். கண்ணைச் சரிபண்ணிக்கொண்டு வந்துவிடலாம், ஆட்டை யாரிடமாவது விடலாம் என்று. ஆடு சினையாக இருந்தது. சினை ஆட்டை யார் கையில் கொடுப்பது என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். அவளோடு என்னால் சண்டை போட முடியவில்லை. என் பேச்சுக்கு எதிர்ச்சாட்சியாக வாளி அங்கேயே உட்கார்ந்திருந்தது.

கிளம்புகிற அன்று அவளாகவே சொன்னாள்.

"இதை இங்கன விட்டுட்டுப் போ ஏட்டி. குடத்தடியில கிடந்துட்டுப் போகட்டும். ஆட்டுக்கு ஊத்துததுல ஒரு செரட்டை இதுக்கும் ஊத்துதேன். அதுக்கென்ன."

எனக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. சரி என்று சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆட்டோடு செடியும் சேர்ந்து அவளைக் கட்டிப் போட்டிருக்கும். பிறகு அவள் எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை. வேண்டாம் என்று தூக்கிக்கொண்டேன்.

"குட்டி போடட்டும். வாரேன்" என்றாள் அம்மா.

பஸ் நிறுத்தம் வரை ஆட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆடு அவளை இழுத்துக்கொண்டு வந்தது என்றும் சொல்லலாம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பியதும் அம்மா கையை உயர்த்தி ஆட்டினாள். என் இரண்டு கையும் வாளியைப் பிடித்திருந்தன. ஒரு கையை எடுத்தால் சாய்ந்துவிடும். எடுத்திருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. எனக்கு இரண்டு சீட்டு முன்னால், யாருமில்லாத ஜன்னலைப் பார்த்துத்தான் அவள் கை காட்டிக்கொண்டிருந்தாள்.