இளைத்தவனுக்கு வந்த பாத்திரங்கள்

நார்பியில் கோதுமையைக் குறை சொல்கிறவன் பெற்ற தாயையே குறை சொல்கிறவன் மாதிரி. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் இருக்கும் அந்த ஊரில், கோதுமைக் கிடங்கின் எடைமேடையில் லாரிகளை நிறுத்து நிறுத்தே தலை நரைத்த ஆர்லின் ஃபாஸம் ரொட்டியை விட்டான். உருளைக்கிழங்கு, நூடுல்ஸ், கேக், பியர் என்று ஒவ்வொன்றாக விட்டான். முட்டை, கறி, வெண்ணெய், முட்டைக்கோஸ் என்று தின்று பாதி ஆளாக இளைத்தான்.

இளைப்பது ஒன்றும் பெரிய சாமர்த்தியமில்லை. இதற்கு முன்னாலும் இரண்டு தடவை இளைத்தவன்தான் அவன். இளைத்த உடம்பை அப்படியே வைத்திருப்பதில்தான் வந்தது வினை. முதல் தடவை, "ஒரு துண்டுதானே" என்று யாரோ நீட்டிய, பழம் வைத்துச் சுட்ட இனிப்பு அடை அவனைக் கவிழ்த்தது. அடுத்த உழவுக்குள் பழைய கால்சட்டைகள் மறுபடி இறுக்கிப் பிடித்தன.

இரண்டாவது தடவை கவிழ்ந்தது அண்ணன் டெல்மரை அடக்கம் செய்த அன்று. டெல்மருக்குச் சர்க்கரை. முதலில் ஒரு கால்விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்கால் வரைக்கும். கடைசியில் டெல்மரே போனான். அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் போட்ட பந்தியில், பெண்கள் ஆர்லினின் தட்டில் வெண்ணெய் பன்னும் சாக்லேட் சதுரங்களும் அடுக்கினார்கள். சர்க்கரையில் செத்தவனுக்குச் சர்க்கரையில் விருந்து. அந்த வெட்கங்கெட்ட கூட்டத்தில் தானும் உட்கார்ந்து தட்டை வழித்துத் தின்றதை நினைத்தால், தன் மூஞ்சியில் தானே காறித் துப்பவேண்டும் போல் இருக்கும் அவனுக்கு.

ஆர்லினுக்கும் இருபது வருஷமாக அதே சர்க்கரைதான். இப்போது அவனுடைய இடது கால் பெருவிரலும் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. இந்தத் தடவையும் கவிழ்ந்தால் தன் காலும் டெல்மரின் கால் போன வழியில் போகும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஊர்க்காரர்கள் விடுவார்களா? கோதுமையும் விளைவித்துப் பன்றியும் வளர்க்கும் டுவெய்ன் காப்பிக் கடையில் தினமும் வம்புக்கு இழுப்பான்.

"ஏண்டா ஆர்லின், நாங்க வெளைய வைக்கிறதெல்லாம் உனக்கு வெஷமாடா?"

"நீ வெளைய வை, நீயே தின்னு. நிறுத்துக் கொடுக்கிறது என் வேலை, கொடுக்கறேன். அதை முழுங்கவும் செய்யணும்னு என் வேலையில எழுதலை."

டுவெய்ன் பரவாயில்லை. வாயால் குத்துகிறவனை வாயால் திருப்பிக் குத்திவிடலாம். அன்பு காட்டுகிறவர்களை என்ன செய்வது?

இளைத்த பிறகு ஆர்லின் புதுச் சட்டை வாங்கவில்லை. கிழியாத சட்டையைத் தூக்கிப் போட அவனுக்கு மனசு வராது. பழைய சட்டை தோளிலிருந்து தொங்கியது. அதை லவான் குவாமி பார்த்துவிட்டாள். பள்ளியில் அவனோடு படித்தவள், சர்ச்சில் ஜெபச் சங்கிலியை நடத்துகிறவள். யாருக்காவது நோய் என்றால் அவள் ஒருத்திக்குப் போன் செய்வாள், அந்த ஒருத்தி அடுத்தவளுக்குச் செய்வாள். நார்பியில் ஒருவனை நேரில் நிறுத்தி என்ன ஏது என்று கேட்பது மரியாதை இல்லை. முதுகுக்குப் பின்னால் முடிவு கட்டுவதுதான் மரியாதை. போன் ஊரைச் சுற்றி முடிவதற்குள் ஆர்லினுக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்து, அது முற்றியும் போயிருந்தது.

பாத்திரங்கள் வர ஆரம்பித்தன. ஹாட்டிஷ் என்று அவர்கள் சொல்லும் அந்தப் பண்டம்: அடியில் கொத்துக்கறி, நடுவில் கெட்டி சூப், மேலே பொரித்த உருளைக்கிழங்கு உருண்டைகள். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டுத்தாளில் சொந்தக்காரியின் பெயர் இருக்கும். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது ருசியைப் பற்றி நாலு நல்ல வார்த்தையும் கொடுத்தாக வேண்டும்.

"எனக்கு ஒண்ணுமில்ல லவான். நல்லாத்தான் இருக்கேன்."

"ஆமாமா. இப்படித்தான் தைரியமா இருக்கணும்."

"சாப்பாட்டை மாத்திட்டேன், அவ்வளவுதான்."

"டாக்டருங்க என்னென்னமோ சொல்வாங்க. நீ நல்லாச் சாப்பிடு. எலும்பா நிக்கிறே."

மறுக்க மறுக்க அவன் வீரனாகிக்கொண்டே போனான். வாங்கி வாங்கி உறைபெட்டி நிரம்பியது.

ஜனவரியில் பனிப்புயல் பாதையை அடைத்த ஒரு மத்தியானம், லவானின் பாத்திரத்தை எடுத்துச் சூடாக்கினான். உருளைக்கிழங்கு முறுகும் வாசனை வீட்டை நிறைத்தது. கையில் கரண்டி. ஒரே ஒரு வாய், யார் பார்க்கப் போகிறார்கள்? கரண்டி உதடு வரைக்கும் வந்துவிட்டது.

அவனைக் காப்பாற்றியது மனவுறுதி என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். கோபம்தான் காப்பாற்றியது. டெல்மரின் காலை எடுத்துவிட்டு வீட்டில் கிடத்தியிருந்தபோது இந்தப் பாத்திரமெல்லாம் எங்கே போயிருந்தது? ஒருத்தியாவது வந்தாளா? ஒரு போனாவது சுற்றியதா? கரண்டியை வைத்தான். பாதை திறந்ததும் உறைபெட்டியில் இருந்த அத்தனையையும் டுவெய்னின் பன்றிகளுக்குக் கொண்டுபோய்க் கொட்டினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெப விண்ணப்பம் கேட்கும் நேரம் வந்தது. வழக்கம்போல் அவன் பெயரைச் சொன்னார்கள். ஆர்லின் எழுந்து நின்றான்.

"என் பேரை எடுத்துடுங்க. எனக்குப் புற்றுநோயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இருபது வருஷமா நான் நெஜமா நோயாளியா இருந்தேன், அப்ப எனக்குக் கேக் கொடுத்தீங்க. இப்ப நல்லா இருக்கேன், அழுறீங்க. டெல்மருக்குக் காலை எடுத்தப்ப ஒரு பாத்திரம் வரலையே, அது ஏன்னு யாராவது சொல்லுங்களேன்."

பாஸ்டரம்மா அவசரமாகப் பாட்டு எண்ணை அறிவித்தாள்.

மறுநாள் காலை லவான் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என் பாத்திரத்தைக் குடு."

கழுவி வைத்திருந்ததைக் கொடுத்தான். "ருசி எப்படின்னு டுவெய்னோட பன்னிங்களைத்தான் கேக்கணும்."

"பன்னிக்கா போட்டே?"

"அதுங்களுக்குக் கால் போனாக் கவலை இல்ல."

அவள் முகம் சிவந்தது. திரும்பிப் போகப் போகிறாள் என்று நினைத்தான். அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"டெல்மர் தானாத் தேடிக்கிட்டதுன்னு சொன்னோம்," என்றாள். "வாயைக் கட்டாதவனுக்கு ஜெபம் எதுக்குன்னு பேசினோம். அதான் வரலை."

"யார் பேசினது?"

"நான்தான் முதல்ல பேசினேன்."

அடுப்பில் வெண்ணெயில் முட்டை பொரிந்துகொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கிற பாவனையில் திரும்பி நின்றான்.

"எனக்கும் சர்க்கரை இருக்கு ஆர்லின். மூணு வருஷமாச்சு. வீட்டுல புருஷனுக்குக்கூடத் தெரியாது."

"சொல்றதுக்கென்ன?"

"சொன்னா ஊரு என்ன பேசும்னு எனக்குத் தெரியாதா? பேசக் கத்துக் குடுத்தவளே நான்தானே."

நாக்கு நுனியில் அவனுக்கு நல்ல குத்தல் ஒன்று வந்து நின்றது. டெல்மர் போன இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த குத்தல். அதை விழுங்கிவிட்டு வாணலியில் இன்னும் இரண்டு முட்டைகளை உடைத்து ஊற்றினான். தட்டை அவள் முன்னால் வைத்தான்.

லவான் மேஜையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள்.

"ரொட்டி?"

"இங்க கிடையாது."

அவள் பாத்திரத்தை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.