லைனில் பிழை இல்லை

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலு மாடிக் கட்டடத்தின் மேல் வீட்டில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்தோம். கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்தின் கணினிப் பிரிவில் எனக்கு வேலை. பாதி நாட்கள் வீட்டிலிருந்தே செய்வேன். இது தெரிந்த பிறகு கட்டடத்தில் யாருடைய வைஃபை வேலை செய்யாவிட்டாலும் முதலில் என் கதவைத்தான் தட்டினார்கள். அதிகம் தட்டியவர் முதலாம் மாடி அங்கிள்.

அவர் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியும் அவரும் மட்டும்தான். ஒரே மகன் கனடாவில். ஞாயிறு மாலை அன்ரி சாமி விளக்கேற்றும் நேரத்துக்கு அங்கே காலை விடிந்திருக்கும். அங்கிள் சேர்ட் போட்டு, தலை வாரி, லப்டொப்பின் முன் உட்கார்ந்து மகனுக்கு வீடியோ அழைப்பு எடுப்பார். கொஞ்ச நேரத்தில் எனக்குக் கோல் வரும்.

"பிள்ளை, படம் நிண்டிட்டுது. ஒருக்கா இறங்கி வா."

செய்ய வேண்டியதை எல்லாம் செய்து பார்த்தேன். ரவுட்டரை ரீவி அலுமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்து வைத்தேன். வயரை மாற்றினேன். லப்டொப்பின் பழைய பற்றரியை மாற்றினேன். அவர் கோபத்தில் அடித்து அடித்து மூடியதில் திரையின் பிணைச்சல் ஒரு பக்கம் உடைந்திருந்தது. அதையும் திருத்தி எடுத்துக் கொடுத்தேன். வேகம் சோதித்தால் நன்றாகவே இருந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறு படம் நின்றது.

இன்ரநெட் கொம்பனியிலிருந்து ஒரு சிங்களவர் வந்தார். நரை விழுந்த, நிதானமான மனிதர். கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரை பார்த்துவிட்டு, "லைன் எக்கே அவுலக் நே, மாத்தயா," என்றார். லைனில் ஒரு கோளாறும் இல்லை என்று. அங்கிள் எழுந்து நின்று, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அந்த மனிதரைச் சிங்களத்தில் ஏசினார். வேலை தெரியாதவன், சோம்பேறி, யாரைப் பிடித்து வேலைக்குள் நுழைந்தாய் என்றெல்லாம் கேட்டார். அதோடு விடவில்லை. தலைமை அலுவலகத்துக்கு முறைப்பாடும் செய்தார். அந்த மனிதரை நான் பிறகு எங்கள் பக்கம் காணவில்லை.

ஒரு ஞாயிறு நான் கீழே இருக்கும்போதே அழைப்பு எடுத்தார். "நீயே இருந்து பார், எப்ப நிக்குது எண்டு," என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். அன்ரி சுவரோரம் ஒரு கதிரையில், கமெராவில் தெரியாத இடத்தில் இருந்தா. அது அவவுடைய வழக்கமான இடம் என்று பிறகு புரிந்தது.

திரையில் மகன் வந்தார். முப்பது தாண்டிய, களைத்த முகம். பின்னால் ஒரு பெரிய ஜன்னல்.

"அப்பா, அம்மாவைக் கொஞ்சம் காட்டுங்கோ."

"அம்மாவுக்கு என்ன, இருக்கிறா. நீ நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. இன்னும் அந்தக் கோடவுனிலையோ பெட்டி தூக்கிறாய்?"

"ஓம்."

"இதுக்கோ நான் உன்னைப் படிப்பிச்சனான்? உன்னோடை படிச்சவன் டொக்டரா நிக்கிறான். வெளியிலை ஆரும் கேட்டா எனக்கு மகன் இல்லையெண்டு சொல்லலாமோ எண்டு யோசிக்கிறன்."

நான் பக்கத்தில் இருப்பது அவருக்குத் தடையாக இல்லை. சொல்லப்போனால், கேட்க ஒரு ஆள் இருப்பதில் ஒரு உற்சாகம் கூட இருந்தது. மகனின் கலியாணப் பேச்சு குழம்பியது, சின்ன வயதில் கணக்கில் தோற்றது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்தார். நடுவில் மகனின் முகம் அப்படியே நின்றது. வாய் பாதி திறந்தபடி. சத்தமும் இல்லை.

"பார், பார், நிண்டிட்டுது!"

நான் பார்த்தேன். மகனுக்குப் பின்னால் ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. மெதுவாக, நிற்காமல். மகன் மட்டும் அசையவில்லை. கடைசியில் தாங்க முடியாமல் ஒரு தரம் கண்ணை இமைத்தார். பிறகு அழைப்பு அறுந்தது.

"என்ன பிழை?" என்று அங்கிள் கேட்டார்.

"லைன்தான் போலை, அங்கிள்," என்றேன்.

அன்று நான் படியேறி வீட்டுக்கு வருவதற்குள் தெரியாத இலக்கத்திலிருந்து செய்தி வந்திருந்தது. அனுப்பியது மகன். ஏதோ ஒரு ஞாயிறு அங்கிள் எழுந்து போன நேரம் அன்ரியிடம் என் இலக்கத்தை வாங்கி வைத்திருந்திருக்கிறார். 'அக்கா, நீங்கள் கண்டிட்டீங்கள் எண்டு தெரியும். அப்பாட்டைச் சொல்லாதேங்கோ. இது இல்லாட்டி நான் எடுக்கிறதையே விட்டிடுவன். அம்மாவின்ரை குரல் இடைக்கிடை கேக்கும், அதுக்காகத்தான்.' நான் சரி என்று மட்டும் எழுதினேன்.

அன்ரிக்கு லப்டொப்பைத் திறக்கவும் தெரியாது. கைத்தொலைபேசி வேறு எதற்கு என்று அங்கிள் வாங்கிக் கொடுக்கவே இல்லை. ஒரு நாள் அவர் கண் வைத்தியரிடம் போன நேரம், அவ படி ஏறி மூச்சு வாங்க என் வாசலில் நின்றா.

"பிள்ளை, அவர் வரமுன்னம் தம்பியை ஒருக்கா எடுத்துத் தாறியோ?"

கீழே போய், அவர்களுடைய லப்டொப்பிலேயே, அவர்களுடைய லைனிலேயே எடுத்துக் கொடுத்தேன். தாயும் மகனும் நெடுநேரம் கதைத்தார்கள். மகன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தான் சமைத்ததை எல்லாம் காட்டினார். கத்தரிக்காய்க் குழம்பின் நிறத்தைப் பார்த்து அன்ரி சிரித்தா. அவ சிரிப்பதை அன்றுதான் முதலில் பார்த்தேன். படம் ஒரு தரமும் நிற்கவில்லை.

அழைப்பு எடுத்ததற்கான அடையாளம் திரையில் இருந்ததை அழிக்க எனக்கு நினைவு வரவில்லை. அங்கிள் அன்று மாலையே கண்டுவிட்டார். சத்தம் போடவில்லை. லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றித் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ஞாயிறு மட்டும் எடுப்பார், தான் கதைத்து முடிந்ததும் திரும்பப் பூட்டுவார். "வீட்டிலை களவு பழகினா பூட்டு வேணும்தானே," என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். அன்ரி தேத்தண்ணிக் கோப்பையுடன் நின்றவ, தலையைத் திருப்பிக்கொண்டா.

அதன் பிறகு அன்ரி அதிக காலம் இருக்கவில்லை. குளியலறையில் விழுந்தா. ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பாமலே போய்விட்டா.

மகனால் வர முடியாது. அங்கே அவருடைய அகதி வழக்கு முடியவில்லை. வந்தால் திரும்பிப் போக வழி இல்லை. "அக்கா, எப்பிடியாவது காட்டுங்கோ," என்று எனக்குக் கோல் எடுத்து அழுதார்.

உடலைக் காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து, கிரியை முடிந்ததும் கனத்தை மயானத்துக்கு எடுப்பதாக இருந்தது. நான் முதல் நாளே எல்லாவற்றையும் சோதித்து வைத்தேன். லப்டொப்பை ஒரு ஸ்ரூலில், சவப்பெட்டி முழுதும் தெரியும்படி வைத்தேன். மகன் கறுப்புச் சேர்ட்டுடன் திரையில் வந்தார். அங்கே இரவு. ஐயர் மந்திரம் சொல்ல, அவர் அங்கே இருந்துகொண்டே கைகூப்பினார். வாய்க்கரிசி போட வந்த சனங்கள் திரையைப் பார்த்து, பாவம், பாவம் என்றார்கள். கடைசியாக மகன் கதைக்கட்டும் என்று ஐயரே சொன்னார். நான் லப்டொப்பைத் தூக்கி அன்ரியின் முகத்துக்குக் கிட்டப் பிடித்தேன்.

"அம்மா," என்றார் மகன். "அம்மா, நான்..."

அத்தோடு படம் நின்றது.

திரையை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். வாய் திறந்தபடி, கண்ணீரோடு, அசையாத முகம். உடனே ரவுட்டரைத் தேடினேன். ஒரு விளக்கும் எரியவில்லை. வெக்கை தாங்காமல் யாரோ ஒருவர் அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை மாட்டியிருந்தார்.

"கரண்ட் கழண்டிருக்கு, அங்கிள். திரும்ப வாறதுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். கொஞ்சம் பொறுங்கோ."

அவர் திரையைக் குனிந்து பார்த்தார்.

"நடிக்கிறான்," என்றார்.

"இல்லை அங்கிள், இந்தா பாருங்கோ, பிளக்..."

"எனக்குத் தெரியாதோ? ஒவ்வொரு ஞாயிறும் இதைத்தானே செய்தவன். தாயின்ரை பெட்டிக்கு முன்னாலையும் நடிக்கிறான்." என் கையிலிருந்தே லப்டொப்பை அடித்து மூடினார். "ராகு காலம் வரப்போகுது. மூடுங்கோ பெட்டியை."

அவருக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் என்னைப் படி இறக்கினார். தெரிந்துகொண்டுதான் அந்தக் கொம்பனி மனிதரின் பிழைப்பில் கை வைத்தார்.

யாரும் எதிர்த்துக் கதைக்கவில்லை. நான் பிளக்கை மாட்டிவிட்டு, லப்டொப்பைத் திறந்து, ரவுட்டரின் முன் குந்தியிருந்தேன். அதன் விளக்குகள் ஒவ்வொன்றாக வரும், அவசரப்படுத்த முடியாது. எனக்குப் பின்னால் பெட்டி மூடும் சத்தம் கேட்டது. ஆண்கள் அதைத் தூக்கிக்கொண்டு படியில் திரும்ப முடியாமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது கேட்டது. கடைசி விளக்கு வந்தபோது வீட்டில் பெண்கள் மட்டும் நின்றோம்.

மகன் திரும்பத் திரையில் வந்தார்.

"அக்கா, லைன் கட்டாயிட்டுது. அம்மா எங்கை?"

லப்டொப்பைத் திருப்பினேன். பெட்டி வைத்திருந்த வெறும் மேசையும், நிலத்தில் மிதிபட்ட பூவும், யாரோ துடைக்கத் தொடங்கியிருந்த தண்ணீரும் தெரிந்தன. அவர் நெடுநேரம் அதையே பார்த்தார்.

"நான் கட் பண்ணினதெண்டு அப்பா சொன்னவரோ?"

"நடிக்கிறீங்கள் எண்டு சொன்னவர்," என்றேன். மறைத்திருக்கலாம். மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் அழவில்லை. கையை நீட்டி அழைப்பை நிறுத்தினார்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த பின் ஒரு ஞாயிறு அங்கிள் என்னை அழைத்தார். போகக் கூடாது என்று கணவர் சொன்னார். போனேன். அவர் சேர்ட் போட்டு, தலை வாரி உட்கார்ந்திருந்தார். சுவரோரக் கதிரையில் பழைய பத்திரிகைகள் அடுக்கியிருந்தன.

"மணியே போகுதில்லை, பிள்ளை. லைனைப் பார்."

பார்த்தேன். பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"அவர் உங்களைப் புளொக் பண்ணியிருக்கிறார், அங்கிள். இனி நீங்கள் எடுத்தா அங்கை போகாது. உங்கடை முகத்தை அவர் பார்க்க விரும்பேல்லை."

சொல்லும்போது என் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அது அவருக்கும் கேட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்ரநெட் கொம்பனியின் இலக்கத்தை அழுத்தினார். நான் படி ஏறும்போது அவர் சிங்களத்தில் யாரையோ ஏசத் தொடங்கியிருந்தார். மேல் வீட்டுக் கதவைச் சாத்தும் வரைக்கும் அது கேட்டது.