ஐஸ்கிரீமுக்கு முறிவு

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான்: அப்பா, அம்மா, நான், தங்கை, பெங்களூரிலிருந்து வந்த மாமா, பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள். ஆறு பேர். பின்னால் ஊரில் இந்தக் கதை பரவியபோது, கூடவே நின்று பார்த்தவர்கள் போல நிறையப் பேர் பேசினார்கள். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெங்களூரில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். தங்கைக்குத் தொண்டையில் சதை வளர்ந்து அடிக்கடி காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்தாள். அவர்தான் பெங்களூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தார். சதையை எடுத்துவிட்டு, இரண்டு நாள் வைத்திருந்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓசூர் வரை பஸ், அங்கிருந்து எங்கள் ஊருக்கு மாட்டுவண்டி. வண்டி குலுங்கின ஒவ்வொரு தடவையும் அவள் தொண்டைக்குள் ஏதோ பிய்வது போல எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அவளுக்கு எட்டு வயது, எனக்குப் பதினான்கு. என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் அவளைப் பார்த்துக்கொள்வதுதான் என் படிப்பு.

ஆறின கஞ்சி, மோர் சாதம், கிடைத்தால் ஐஸ்கிரீம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஐஸ்கிரீமை எங்கள் வீட்டில் யாரும் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் மாமா அதைக் கொண்டுவந்தார். அகல வாய் வைத்த ஒரு பிளாஸ்க்கில் அடைத்து, துண்டைச் சுற்றி, அதன்மேல் சாக்கைச் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பிளாஸ்க் அவருடைய மேஸ்திரியுடையது. உள்ளே கண்ணாடி என்றார். அவ்வளவுதான், எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அதை எங்கே வைப்பது, பூனை தள்ளிவிட்டால் என்ன ஆகும், மேஸ்திரி மாமாவை வேலையிலிருந்து நிறுத்திவிடுவாரோ என்று கேட்டுக்கொண்டே அவர் பின்னால் நடந்தேன்.

"வூட்டுக்கு ஒருத்தி கவலைப்படறதுக்குன்னே வேணும்," என்றார் மாமா. "அந்த வேலைய இவ எடுத்துக்கிட்டா. நாம நிம்மதியா இருக்கலாம்."

மூடியைத் திறந்ததும் வெள்ளையாகப் புகை எழுந்தது. பாதி கட்டியாக இருந்தது, பாதி இளகிப் பாலாகியிருந்தது. அம்மா ஒரு விரலை உள்ளே விட்டு உடனே எடுத்தாள். மார்கழி மாதம். எங்கள் பக்கத்துக் குளிர் வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. அவரைக்காய் பறிக்கப் போனால் பனியில் விரல் மரத்துப்போய்க் காம்பு தெரியாது.

"இதையா புள்ளைக்குக் குடுக்கச் சொன்னாரு?"

"வெறுமனே அப்படியே குடுக்கச் சொன்னாருக்கா. ரணம் சீக்கிரம் ஆறுமாம்."

"அந்த டாக்டரு புள்ள பெத்தவரா?"

"நாலு பெத்திருக்காராம்."

"அவரு எங்க பெத்தாரு, அவரு பொண்டாட்டி பெத்திருப்பா. அந்தம்மாவக் கேட்டுட்டு வா, போ."

மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. எனக்கும் தங்கைக்கும் நடுவில் ஒரு தம்பி பிறந்து, மூன்று வயதில் இதே மார்கழியில், மார்ச்சளி கட்டிச் செத்துப்போயிருந்தான். சாவதற்கு முந்தின நாள் அவன் கேட்டான் என்று அம்மா கொஞ்சம் மோர் கொடுத்திருந்தாள். பங்காளி வீட்டார் அந்த மோரைத்தான் சொன்னார்கள். அம்மாவின் காதுபடவே சொன்னார்கள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் மழைக்காலம் முடிந்தால் பங்குனி பிறக்கும் வரை மோரே கிடையாது. டாக்டர் மோர் சாதம் என்று சொல்லியும் அம்மா இளஞ்சூட்டுக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

தெலுங்கு அம்மாள்தான் பேச்சை எடுத்தாள். அவள் அம்மாவை 'வதினா', அதாவது அண்ணி, என்று கூப்பிடுவாள். "வதினா, அத்தனை தூரத்திலேர்ந்து தம்பி கொண்டாந்திருக்கான். கொட்டவா முடியும்? ஒரு முறிவு போட்டுக் குடு."

முறிவு என்றால் எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மாம்பழத்துக்குப் பால், பலாச்சுளைக்குத் தேன், வேர்க்கடலைக்கு வெல்லம். ஒன்றின் கெடுதலை இன்னொன்று முறிக்கும். ஐஸ்கிரீமின் கெடுதல் அதன் குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சியை முறிக்கச் சுக்கும் மிளகும் திப்பிலியும் இருக்கும்போது என்ன பயம் என்று அம்மாவின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

அவரைக்காயைப் பிதுக்கிக்கொண்டிருந்த அப்பாவை மாமா பார்த்தார்.

"ரெண்டு பேரு சொல்றதும் நல்லதுக்குத்தான்," என்றார் அப்பா.

அம்மா மூன்றையும் வறுத்து இடித்து, ஒரு பொட்டுத் திப்பி இல்லாமல் வெள்ளைத் துணியில் சலித்தாள். நாட்டுச் சர்க்கரையைப் பொடித்துச் சேர்த்து ஐஸ்கிரீமில் கலந்தாள். எங்களுக்கு மட்டும் வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாகத் தட்டி மேலே தூவினாள். "அவளுக்குக் கடல வோணாம். ரணத்துல குத்தும்," என்று தங்கையின் கிண்ணத்தைத் தனியாக எடுத்துவைத்தாள். அவ்வளவு பார்த்துத்தான் செய்தாள்.

முதலில் நாங்கள் தின்றோம். எனக்குத் தலைக்குள் குளிர் ஏறியது. பின்னாலேயே மிளகின் காரம் நாக்கின் அடியில் மெல்ல எழும்பி, சர்க்கரையோடு சேர்ந்து இறங்கியது. கடலை நடுநடுவே நறுக்கென்றது. இன்றுவரை அப்படி ஒன்றை நான் தின்றதில்லை.

"அக்கா, இத பெங்களூர்ல கடை போட்டு வித்தா நான் ஃபேக்டரிய வுட்டுட்டு வந்துருவேன்," என்றார் மாமா.

"வந்து என்ன பண்ணுவ?"

"கல்லாவுல ஒக்காருவேன்."

தெலுங்கு அம்மாள் கிண்ணத்தை விரலால் வழித்தாள். அப்பாகூட இன்னும் கொஞ்சம் கேட்டார். எதற்கெடுத்தாலும் பதறுகிற எனக்கு அந்த நேரத்தில் மட்டும் ஒரு கவலையும் இல்லை. பிளாஸ்க்கையே மறந்திருந்தேன்.

தங்கை சுவரில் சாய்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளை மடியில் இழுத்துப் போட்டு, ஸ்பூன் நிறைய எடுத்து வாயில் வைத்தாள். குளிர்ச்சியில் அவள் கண் சொக்கியது. விழுங்கினாள். இன்னொரு ஸ்பூனையும் அம்மா உடனே கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம்தான் அவள் முகம் மாறியது. கத்துவதற்கு வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் மடியிலிருந்து உருண்டு தரையில் விழுந்தாள்.

தண்ணீர் கொடுத்தோம், துப்பினாள். அதன் பிறகு வாயை மூடினவள் மூடினதுதான். அன்று முழுக்கக் கஞ்சி இல்லை, தண்ணீர் இல்லை. மாமா கெஞ்சிப் பார்த்துவிட்டு, மறுநாள் ஷிஃப்ட் இருக்கிறது என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குப் போனார். அம்மா கஞ்சியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாலே தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். உமிழ்நீரைக்கூட விழுங்காமல் துணியில் வடித்தாள். அந்தத் துணியைத் துவைப்பது என் வேலை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் துணி சிவப்பாக வந்தது. நான் அதை அப்பாவிடம் காட்டினேன். அப்பா பார்த்தவுடனே ரோட்டுக்கு ஓடினார்.

பெங்களூர் மார்க்கெட்டுக்கு அவரைக்காய் ஏற்றிப் போகிற லாரி ஒன்று கிடைத்தது. டிரைவர் பக்கத்தில் எங்களை நெருக்கி உட்காரவைத்தார்கள். அம்மா கை நீட்டினாள். தங்கை என் மடிக்கு வந்தாள். அவள் உதட்டோரம் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. அவரைக்காய் வாசனையும் ரத்த வாசனையும் ஒன்றாக வந்தன. எனக்கு இன்றைக்கும் மார்கழியில் அவரைக்காய்க் குழம்பு இறங்காது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் "ஏனு கொட்ரி?" என்றாள். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கிறாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அம்மா தனக்குத் தெரிந்த கன்னடத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நர்ஸ் நம்பாமல், "ஐஸ்கிரீம்லயா? மிளகையா?" என்று தமிழில் திருப்பிக் கேட்டாள். ஆமாம் என்றாள் அம்மா. நர்ஸ் உள்ளே போய் இன்னொருத்தியிடம் சொன்னது கேட்டது. அந்த இன்னொருத்தி சிரித்ததும் கேட்டது. அம்மா கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். நகரவில்லை.

ரத்தத்தை நிறுத்திவிட்டார்கள். ஒட்டியிருந்த பொருக்கு பிய்ந்துவிட்டது, தண்ணீர் குடிக்காமல் காய்ந்ததில் இன்னும் கெட்டுவிட்டது, ஒரு நாள் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். தங்கை பிழைத்தாள். அந்த வாரம் முழுக்க அங்கேயே இருந்தோம்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஒரு ஐஸ்கிரீம் கடை. அப்பா தினமும் ஒரு கப் வாங்கிவந்தார். நர்ஸ் ஊட்டினால் தங்கை வாயைத் திறந்தாள். ஒருநாள் நர்ஸுக்கு வேலை இருந்ததால் அம்மா கப்பை எடுத்தாள். தங்கை எழுந்து உட்கார்ந்து கப்புக்குள் எட்டிப் பார்த்தாள். ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் பேசின முதல் பேச்சு அதுதான். குரல் கரகரவென்று வந்தது.

"இதுல என்னா போட்டுருக்க?"

"ஒண்ணும் போடலடி," என்றாள் அம்மா.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் ஒரு ஸ்பூன் எடுத்துத் தின்று காட்டினேன். அதற்கப்புறம்தான் அவள் வாங்கினாள், அதுவும் என் கையிலிருந்து.

வீட்டுக்கு வந்த பிறகும் அது போகவில்லை. அம்மா எதை வைத்தாலும் தங்கை முகர்ந்து பார்ப்பாள். கேட்கக் காத்திராமல் அம்மாவே சொல்லிவிடுவாள்: "ஒண்ணும் போடலடி." தங்கை கல்யாணமாகிப் போன பிறகும், பொங்கலுக்குச் சாப்பிட வந்தால், இலையில் சோற்றைப் போடும்போதே அம்மா வாயில் அந்தச் சொல் வந்துவிடும். மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் பார்ப்பார். தங்கை குனிந்தபடி முகர்ந்துவிட்டுத்தான் கை வைப்பாள். வேண்டுமென்று செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவள் மூக்குக்கு அது பழகிப்போயிருந்தது.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பின அன்று அப்பாவிடம் பஸ்ஸுக்கு மட்டும்தான் காசு இருந்தது. கடைசி மூன்று கப்பைக் கடைக்காரர் கடனாகக் கொடுத்திருந்தார். அடுத்த தடவை வரும்போது கொடுங்கள் என்று கன்னடத்தில் சொல்லி, தங்கையின் தலையைத் தொட்டு அனுப்பினார். அப்பா அடுத்த தடவை போனபோது அந்த இடத்தில் துணிக்கடை இருந்தது. ஐஸ்கிரீம்காரர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா விடவில்லை. பெங்களூருக்கு யார் போனாலும் விசாரிக்கச் சொல்வாள். மற்றதையெல்லாம் பேச மாட்டாள், இதை மட்டும் பேசுவாள். நயா பைசா வந்த வருஷம் அப்பா கணக்குப் போட்டு, ஒரு ரூபாய் இரண்டணா என்றால் ஒரு ரூபாய் பன்னிரண்டு பைசா என்றார். அரைப் பைசா அதில் விட்டுப்போகிறது, அந்த மனுஷனுடைய அரைப் பைசா நமக்கு வேண்டாம், பதிமூன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் அம்மா. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பாக்கி இன்னும் அப்படியே நிற்கிறது: ஒரு ரூபாய் பதிமூன்று பைசா.