வேண்டாமக்கா

நாற்பத்திரண்டாவது வயதில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது: வேண்டாமக்கா. ஆப் தயாரிக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் சோதனை பார்ப்பது அவள் வேலை. புது ஆப் எதுவானாலும், திறந்ததும் போன் கேட்கிற முதல் கேள்விக்கு அவள் ‘வேண்டாம்’ என்றே அழுத்துவாள். மற்றவர்கள் ‘சரி, சரி’ என்று தட்டிக்கொண்டே போய்விடுவார்கள். மறுத்த ஆளுக்கு அப்புறம் என்ன ஆகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால் அவள் அதையே முதலில் பார்த்தாள்.

“வீட்லயும் அப்படித்தான்” என்பார் லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் கணவர். “சினிமாவுக்குப் போலாமான்னு கேட்டா முதல்ல வேண்டாம்பா. அரை மணி நேரத்துல எனக்கு முன்னாடி கிளம்பி நிப்பா.”

இதற்கென்று அவள் படித்து வரவில்லை. வாசல் மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களை விசாரித்து உள்ளே அனுப்பத்தான் சேர்ந்தாள். ஒரு நாள் முதலாளியம்மா போகிற போக்கில் ஒரு போனை நீட்டி, “இதைக் கொஞ்சம் அமுக்கிப் பாரும்மா” என்றார். பிறந்த தேதி கேட்ட இடத்தில் அவள் மறுநாளின் தேதியைப் போட்டாள். ஆப் இன்னும் பிறக்காத ஆளை மரியாதையாக வரவேற்றது. அடுத்த மாதமே அவள் நாற்காலி உள் அறைக்குப் போனது.

ஏழாவது வருஷம் டயாலிசிஸ் மையம் ஒன்றுக்கு ஆப் செய்தார்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்துக்கு மூன்று தடவை வந்து, நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்கும் இடம் அது. ஒரு மெஷின் மக்கர் பண்ணினாலும் அன்றைக்கு எல்லாருடைய நேரமும் தள்ளிப்போகும். நர்ஸ் ஒருவரே அத்தனை பேருக்கும் போன் போடுவார்; அவர் தொண்டை கட்டிப்போகும். இனிமேல் நேரம் மாறினால் அவரவர் போனிலேயே அறிவிப்பு வந்துவிடும் என்பதுதான் ஏற்பாடு.

ஆனால் போனின் சொந்தக்காரர் அனுமதித்தால்தான் அறிவிப்பு வரும். புரோகிராமர் அந்தக் கேள்வியை, ஆப்பைத் திறந்தவுடன் வருகிற மாதிரி வைத்திருந்தான். அவள் வழக்கம்போல ‘வேண்டாம்’ அழுத்தினாள். ஒன்றுமே நடக்காதது போல முதல் பக்கம் வந்து நின்றது. இனி அறிவிப்பு வராது என்று எங்கேயும் ஒரு வரி இல்லை. அதைக் குறையாக எழுதிக் கொடுத்தாள்.

“வேண்டாம்னு சொன்னா அது அவங்க இஷ்டம்க்கா” என்று சொல்லி அவன் அதை ஓரம் கட்டினான். அதைவிடப் பெரிய பதினெட்டுக் குறைகள் வரிசையில் நின்றன. அவளும் விட்டுவிட்டாள்.

ஆப் வெளியான மூன்றாவது வாரம் ஒரு மெஷின் நின்றது. முப்பத்தொரு பேருக்கு அறிவிப்பு அனுப்பினார்கள். பதினாலு பேருக்குப் போய்ச் சேரவில்லை. அதில் ஒருவர், லாரி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர், காலை ஏழு மணிக்கே வந்து, வீங்கிய காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

நர்ஸ் அலுவலகத்துக்குப் போன் செய்தார். “அவருக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அஞ்சு மணி நேரம்” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. எழுதிக் கொடுத்தோமே என்று சமாதானப்பட முடியவில்லை. எழுதியதோடு கை கழுவிவிட்டோம் என்பதுதான் உறுத்தியது.

பெரியவர் அடுத்த தடவை வரவேண்டிய நாளில் லீவு போட்டுவிட்டு மையத்துக்குப் போனாள். மெஷினோடு படுத்திருந்தவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஐயா, முதல் நாள் இந்த ஆப் உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கும். ஞாபகம் இருக்கா?”

“போன்ல எத்தனையோ கேள்வி வருதும்மா. எது வந்தாலும் வேண்டாம்னுதான் அமுக்குவேன். கேக்கறது யாரு, எதுக்குக் கேக்கறான்னு தெரியாம எப்படி சரின்னு சொல்றது?”

அன்று இன்னும் ஒன்பது பேரிடம் கேட்டாள். பாதிப் பேர் அதை விளம்பரம் என்று நினைத்திருந்தார்கள்.

அலுவலகத்தில் முதலாளியம்மாவையும் புரோகிராமரையும் சேர்த்து உட்காரவைத்தாள்.

“திறந்ததும் கேக்காத தம்பி. நர்ஸ் நேரம் குறிச்சுக் குடுத்த பிறகு கேளு. அதுவும் முதல்ல நம்ம வார்த்தையில, ‘மெஷின் நேரம் மாறினா போன்ல சொல்லட்டுமா’ன்னு கேளு. சரின்னு சொன்னவங்களுக்கு மட்டும் போனோட கேள்வி வரட்டும்.”

“அப்பவும் வேண்டாம்னா?”

“இருக்கட்டும். அவங்க பேரு நர்ஸோட ஸ்கிரீன்ல தனியா வரணும். அவங்களுக்கு மட்டும் போன் போட்டுக்கலாம்.”

“ஏற்கெனவே வேண்டாம்னு சொன்ன பதினாலு பேரு?” என்றார் முதலாளியம்மா. மறுத்தவரிடம் போன் மறுபடி அந்தக் கேள்வியைக் காட்டாது. அவரே செட்டிங்ஸுக்குள் போய் மாற்றினால்தான் உண்டு. அதை அவள் யோசித்திருக்கவில்லை.

புது ஆப்பைச் சோதிக்க ஒரு வாரம் பிடித்தது. எண் எழுதி ஒட்டிய ஏழு போன்களை மேஜையில் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் ஆப்பை அழித்து, ஏற்றி, அனுமதித்து, மறுபடி அழித்து, ஏற்றி, மறுத்து, திரை பூட்டியிருக்கும்போதும் ஆப் மூடியிருக்கும்போதும் அறிவிப்பு வருகிறதா என்று பார்த்தாள். கடைசியில் பழைய ஆப்பை ஏற்றி, அதில் மறுத்துவிட்டு, அதன் மேலேயே புதியதை ஏற்றினாள். நாலாம் எண் போனில் கோளாறு தெரிந்தது. புதுப் பக்கத்தில் ‘சரி’ என்றதையே ஆப் அனுமதியாக எடுத்துக்கொண்டது. போனோ பழைய மறுப்பை விடவில்லை. அறிவிப்பும் வராது, நர்ஸின் பட்டியலிலும் பெயர் வராது. பதினாலு பேரும் சரியாக அந்த இடுக்கில்தான் விழுந்திருப்பார்கள்.

புரோகிராமரைக் கூப்பிட்டுக் காட்டினாள். சாயந்தரத்துக்குள் சரிசெய்தான். ஆப் இனி போனிடமே நிலைமையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். மறுத்தவருக்கு செட்டிங்ஸைத் திறந்துவிடும் பொத்தான் ஒன்றும் காட்டும். பிறகு யாரும் சொல்லாமலே ஏழு போன்களையும் எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் பழைய ஆப்பின் மேல் புதியதை ஏற்றிப் பார்த்தான்.

புது ஆப் வெளியான வாரம் அவள் மறுபடி மையத்துக்குப் போனாள். பெரியவர் போனைத் தள்ளிப் பிடித்து, புதுப் பக்கத்தை இரண்டு தடவை முழுசாகப் படித்தார். பிறகு ‘வேண்டாம்’ அழுத்தினார்.

“இப்ப புரியுதும்மா. ஆனா மெசேஜ் வந்தா நான் கண்ணாடியைத் தேடணும். நர்ஸம்மா போன் பண்ணா காதுல வெச்சாப் போதும்.”

“சரிங்கய்யா” என்றாள். நர்ஸின் திரையில் அவர் பெயர் தனியாக வந்திருக்கிறதா என்று மட்டும் போய்ப் பார்த்தாள். வந்திருந்தது.

ஒரு மாதம் கழித்து வேறொரு மெஷின் நின்றது. இருபத்தைந்து பேருக்கு அறிவிப்பு போய்ச் சேர்ந்தது. ஆறு பேருக்கு நர்ஸ் போன் போட்டார், கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. யாரும் பெஞ்சில் காத்திருக்கவில்லை. இது அவளுக்கு உடனே தெரியாது. பத்து நாள் கழித்து, திரையில் எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கிறது என்று சொல்லக் கூப்பிட்ட நர்ஸ், பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எழுத்து எந்தப் பக்கத்தில் பொடியாக இருக்கிறது என்று கேட்டு, அவள் குறித்துக்கொண்டாள்.