கழிக்காத எடை

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மலையைப் பார்த்து ஒரு மணி நேரம் நடந்தால் வருகிற தோட்டம் எங்களுடையது. அங்கே பிள்ளைக்காம்பராவில் நான் ஆயாவாக இருந்தேன். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற இடம் அது.

நானும் கல்யாணமாகி வந்த புதிதில் கூடை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனவள்தான். இரண்டு பிள்ளை பெற்ற பிறகு உடம்பு ஊதத் தொடங்கியது. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஒரு ஆள் ஒதுங்கிப் போகிற அளவுக்குத்தான் வழி விட்டிருப்பார்கள். அது எனக்குப் பற்றவில்லை. நான் போன வழியெல்லாம் கிளை ஒடிந்து கிடக்கிறது என்று கங்காணி புகார் சொல்லப் போக, என்னைப் பிள்ளைக்காம்பராவில் உட்கார வைத்துவிட்டார்கள்.

உட்கார்ந்தது இன்னும் வினையாகப் போயிற்று. பிள்ளைகள் கடித்துப் போட்ட ரொட்டி, குடித்து மிச்சம் வைத்த பால், எதையும் கீழே கொட்ட எனக்கு மனசு வராது. சாப்பாட்டை வீணாக்கினால் பாவம் என்று வளர்ந்தவள். அந்தப் பாவம் சேராமல் எல்லாவற்றையும் வயிற்றில் போட்டுக்கொண்டேன். கூடவே சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி வேறு.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கிற காம்பராக்கள்தான் எங்கள் வீடுகள், அதை லயம் என்போம். விடியற்காலையில் எல்லாரையும் வேலைக்கு எழுப்ப லயத்துப் பக்கம் பெரட்டுத் தப்பு அடிப்பார்கள். நான் படி இறங்கி வந்தால் தப்பே வேண்டாம், தரை அதிருகிற சத்தத்தில் தானாக முழிப்பு வந்துவிடும் என்று கேலி பண்ணுவார்கள். நானும் சேர்ந்துதான் சிரிப்பேன். என் மடியில் ஒரே நேரத்தில் மூன்று குழந்தைகள் தூங்கும். அந்த மெத்தை வேறு யாரிடம் இருந்தது?

ஆனால் என் தொப்புளில் ஒரு உருண்டை இருந்தது. கடைசிப் பிள்ளைக்குப் பிறகு வந்தது. இருமினால் வெளியே தள்ளும், படுத்தால் உள்ளே போய்விடும். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். ஒருநாள் பிள்ளை ஒன்றைத் தூக்கும்போது சுரீரென்று பிடித்தது. உருண்டை கல் மாதிரி ஆகி, உள்ளே போகவே இல்லை. வலியில் வாந்தி எடுத்து அங்கேயே விழுந்துவிட்டேன். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா ஓடி வந்து, படுக்க வைத்து, காலை உயர்த்தச் சொல்லி, மெதுவாக அழுத்தி அழுத்தி உள்ளே அனுப்பினார். உடனே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் சிங்களவர். நர்ஸை மிஸ்ஸி என்போம்; தமிழ் தெரிந்த ஒரு மிஸ்ஸி அவர் சொன்னதையெல்லாம் எனக்குச் சொன்னார். குடல் வெளியே தள்ளுகிறது, வெட்டித் தைக்க வேண்டும். ஆனால் இந்த உடம்பில் கைவைக்க முடியாது. மயக்க மருந்து தாங்காது, தாங்கினாலும் தையல் நிற்காது. இருநூறு இறாத்தலுக்கு, இப்போதைய கணக்கில் தொண்ணூறு கிலோவுக்கு, கீழே இறங்கி வந்தால் ஒப்பரேஷன். அதற்கு முன்னால் இன்னொரு தடவை குடல் சிக்கிக்கொண்டால் மலையிலிருந்து வந்து சேருவதற்குள் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கு நான் இருநூற்று முப்பதைத் தாண்டியிருந்தேன்.

என் வீட்டுக்காரர் கவ்வாத்து வெட்டுகிறவர். வயசான தேயிலைச் செடியைக் கத்தியால் மட்டமாக வெட்டிவிட்டால் புதுசாகத் துளிர்க்கும், அதுதான் கவ்வாத்து. ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து அவர் சொன்னார்:

"இந்தா புள்ள, வெட்டுறதுக்கு முன்னாடி செடிய கொஞ்சம் ஆற விடுவோம்ல? அந்த மாதிரிதான். பயப்படாத."

பயப்படாமல் எப்படி இருக்கிறது? என் கடைசிப் பிள்ளை, சின்னவள், அப்போது என் பிள்ளைக்காம்பராவிலேயே தவழ்ந்துகொண்டிருந்தாள்.

வாயைக் கட்டினேன். மிச்ச ரொட்டியைக் கோழிக்குப் போடப் பழகினேன். பாவம் வந்தால் கோழிக்கு வரட்டும். சீனியை விட்டேன். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று பக்கத்துக் காம்பராக்காரி பழமொழி சொன்னதோடு நிற்காமல், கொள்ளை அவித்து அந்தத் தண்ணீரையும் கொண்டுவந்து கொடுத்தாள். வேலை விட்டதும் மேல் மலைவரை ஏறி இறங்கினேன். முதல் வாரம் பாதி வழியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

இறங்குகிறோமா என்று பார்க்கத் தராசு வேண்டுமே. தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். சாயந்தரம் ஸ்டோர் வாசலில்தான் கொழுந்து நிறுப்பார்கள். ஆள் ஏறி நிற்கிற மாதிரி இரும்புப் பலகை வைத்த பெரிய தராசு. நிறுக்கிறவர் கணக்கப்பிள்ளை. தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் வாய்க்குள்ளேயே திட்டுகிற ஒரே மனுஷன் அவர்தான். எவ்வளவு கொழுந்து கொண்டுபோனாலும் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் எடையைச் சொல்வார். வெயில் பல்லைக் காட்டுகிற நாளில்கூட ஈரத்துக்குக் கழிப்பார். கேட்டால் அதுதான் வழக்கம் என்பார்.

எல்லாரும் போன பிறகு, வெட்கத்தோடு போய்க் கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் நிறுத்தார். ஆஸ்பத்திரியில் சொன்னதைவிடப் பத்து இறாத்தலுக்கு மேல் குறைவு. ஒரு வாரம்கூட ஆகவில்லை, பயத்திலேயே இவ்வளவு இறங்கிவிட்டதே என்று எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அதற்குப் பிறகு வாராவாரம் ஆளில்லாத நேரம் பார்த்துப் போவேன். அவர் எடையை மெதுவாக, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வார். மற்றவர்கள் கண்ணுக்கு வில்லனாக இருந்தவர் எனக்குத் தெய்வமாகத் தெரிந்தார்.

மாசங்கள் போயின. ஒருநாள் அவர் இருநூறுக்கு இரண்டு குறைவு என்று சொன்னார். அன்றைக்கு லயமே என்னிடம் சந்தோஷச் சேதி கேட்க வந்தது. கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். பிள்ளைகளைப் பக்கத்துக் காம்பராக்காரியிடம் விட்டு, திருநீறு பூசிக்கொண்டு புறப்பட்டேன். வீட்டுக்காரர் என்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மத்தியான ரயிலுக்குத் திரும்பிவிட்டார். எப்படியும் வார்ட்டில் படுக்க வைப்பார்கள் என்ற நம்பிக்கை.

மிஸ்ஸி என்னைத் தராசில் ஏற்றினார். முள்ளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். இருநூற்று ஒன்பது.

தராசு பிழை என்று நான் சாதித்தேன். ஆயிரக்கணக்கான இறாத்தல் கொழுந்து நிறுக்கிற எங்கள் தராசு பொய் சொல்லாது என்றேன். டொக்டர் வந்து, தானே ஏறி நின்று காட்டினார். அவர் எடை அவருக்குத் தெரிந்த எடையாகவே இருந்தது. கோபப்படவில்லை, ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டார். போய் இன்னும் குறைத்துக்கொண்டு வா, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று மிஸ்ஸியைச் சொல்லச் சொன்னார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக, ரயில் பிடிக்க நானுஓயா ஸ்டேஷனுக்கு பஸ் ஏறினேன். தேங்காய் உடைத்த முகங்களை எப்படிப் பார்ப்பது என்பதுதான் மனசில் ஓடியது.

ரயில் வட்டகொடையை நெருங்கும்போது ஜன்னல் வழியாக வேறு ஒரு தோட்டத்தின் கொழுந்து நிறுக்கிற மடுவக் கொட்டகை தெரிந்தது. பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். நிறுக்கிற மனுஷன் கையை ஆட்டுகிறான். ஒருத்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவனோடு மல்லுக்கு நிற்கிறாள். என்ன சண்டை என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை, கழிவுக்குத்தான் இருக்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னையும் எங்கள் கணக்கப்பிள்ளை கழித்துத்தான் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பெட்டியும் கையுமாக நேரே ஸ்டோர் வாசலுக்குப் போனேன். கொழுந்து நிறுக்கிற நேரம், வரிசை நீண்டு நின்றது. நடுவில் புகுந்து கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவே இல்லை. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தேன் என்றார், ஏதோ நான் கேட்கக் கூடாததைக் கேட்ட மாதிரி. எனக்கு ஏதுங்க சாக்கு என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"தராசுல ஏறுனத கழிக்காம சொல்லி எனக்கு பழக்கமே இல்ல புள்ள. வாயில அப்படியே வந்துருது."

அந்த மனுஷன் என்னை ஏமாற்றவில்லை என்பது அப்போது புரிந்தது. வருஷக்கணக்காகக் கழித்துக் கழித்து, கழிப்பதே அவர் கணக்கில் நிறுப்பதாக ஆகிவிட்டது. அது புரிந்ததும் என் கோபம் இன்னும் ஏறியதே தவிரக் குறையவில்லை. பெட்டியைக் கீழே வைத்தேன். செருப்பில்லாத காலோடு பலகையில் ஏறி நின்றேன்.

"கழிக்காம நிறுங்கய்யா."

இறங்கு, ஆட்கள் நிற்கிறார்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார். நான் அசையவில்லை. அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மானம் போகிற மாதிரிதான் இருந்தது. அதுவரை என் எடையை நான் கேலியாகக் கேட்டிருக்கிறேன், இரகசியமாகக் கேட்டிருக்கிறேன். நாலு பேர் முன்னால் முழுசாக ஒருதரம்கூடக் கேட்டதில்லை. அவர் கல்லை நகர்த்தி, கொழுந்துக்குச் சொல்கிற அதே உரத்த குரலில், இருநூற்று ஒன்பது என்று சொன்னார். யாரோ ஒருத்தி சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டாள்.

நான் இறங்கியதும் அடுத்தவள் தன் சாக்கைத் தூக்கிப் பலகையில் வைத்தாள். எலும்பும் தோலுமாக இருக்கிற சின்னப் பெண். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"எனக்கும் அதே மாதிரி நிறுங்கய்யா" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். நல்ல வெயில். சாக்குக்கு மட்டும் கழித்தார். அன்று அந்த வரிசையில் ஒருத்திக்கும் ஈரத்துக்குக் கழிக்கவில்லை. மழை நாளில் பழையபடி கழிக்கத்தான் செய்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வெயில் நாளில் கைவைக்க அதற்குப் பிறகு அவருக்குத் துணிவு வரவில்லை.

நானும் ஒளிந்து போவதை விட்டேன். வாரத்துக்கு ஒருநாள், வரிசையின் கடைசியில், எல்லாரும் பார்க்க ஏறி நிற்பேன். கணக்கப்பிள்ளை சத்தமாகச் சொல்வார். குறைந்திருந்தால் பெண்கள் சேர்ந்து சந்தோஷப்படுவார்கள், குறையாவிட்டால் என்ன தின்றாய் என்று என்னை விசாரிப்பார்கள். போகப் போக அவருக்கே என் எடையில் ஒரு அக்கறை வந்துவிட்டது. தேத்தண்ணியில் சீனி போட்டாயா என்று கேட்பார். ஒரு சாயந்தரம் கல்லை இரண்டு தடவை நகர்த்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இருநூறுக்கு மூணு கொறவு. கழிக்கல. சத்தியமா கழிக்கல."

இந்தத் தடவை கோயிலில் தேங்காய் உடைக்க வேண்டாம், திரும்பி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத்தான் நுவரெலியாவுக்குப் புறப்பட்டேன். மிஸ்ஸி தராசைக் காட்டியதும், ஏறுவதற்கு முன்னாலேயே எடையைச் சொன்னேன். இது கழிக்காத கணக்கு என்றும் சொல்லி, நடந்த கதையைச் சொன்னேன். மிஸ்ஸி அதைச் சிங்களத்தில் டொக்டரிடம் சொல்ல, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு அவர் சிரித்தார். முள் நான் சொன்ன இடத்தில் நின்றது.

மூக்கில் மயக்க மருந்துத் துணியை வைத்தபோது என் சின்னவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது வயிறு தீயாக எரிந்தது. இருமக்கூடப் பயம், சிரிக்கப் பயம். குடலை உள்ளே வைத்துத் தைத்ததோடு, தொங்கிய வயிற்றுச் சதையையும் டொக்டர் வெட்டி எடுத்துவிட்டார் என்று மிஸ்ஸி சொன்னார். அது மட்டும் ஏழு இறாத்தல் இருந்ததாம்.

"கழிச்சா மிஸ்ஸி, கழிக்காமலா?" என்றேன்.

பக்கத்துக் கட்டில்காரி சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்து, தையலைப் பிடித்துக்கொண்டு துடித்தேன்.

தையல் ஆறி நான் தோட்டத்துக்குத் திரும்பியபோது என் வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். நன்றாகத்தான் கவ்வாத்துப் பண்ணியிருக்கிறார்கள், இனி துளிர்க்க வேண்டியதுதான் பாக்கி என்றார். மறுபடி பிள்ளைக்காம்பராவில் போய் உட்கார்ந்தேன். என் மடியில் தூங்கிப் பழகிய ஒரு வாண்டு, தலையை வைத்துப் பார்த்து, இப்படிப் புரண்டு, அப்படிப் புரண்டு, கடைசியில் கோபித்துக்கொண்டு அழுதது. மெத்தை குறைந்துவிட்டதே என்ற வருத்தம் அதற்கு. இரண்டு நாளில் பழகிவிட்டது.

நான் ஒன்றும் மெலிந்து கொடியாகிவிடவில்லை. இன்றைக்கும் குண்டுதான். ஆனால் அந்த உருண்டை திரும்ப வரவில்லை, என் மூன்று பிள்ளைகளையும் நானே வளர்த்து ஆளாக்கினேன். உடம்பைப் பார்த்துவிட்டு யாராவது ஆறுதலுக்கு, அவ்வளவு ஒன்றும் இல்லையே, இறங்கித்தானே இருக்கிறாய் என்று சொன்னால் சிரித்துக்கொள்வேன். என்மேல் பிரியத்தில் சொல்கிறார்கள், அதுவும் ஒரு கழிவுதான். அன்றைக்கு ஸ்டோர் வாசலில் நின்று என் முழு எடையை நாலு பேர் முன்னால் காது கொடுத்துக் கேட்டேனே, என் உயிர் பிழைத்தது அந்தப் பலகையில்தான் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.